எவ்வளவு வட்டி என்பது இரண்டாவது கேள்வி

கும்பகோணம் பக்கத்தில் ஓர் அஞ்சலகத்தின் சேமிப்புப் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். கவுண்டருக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: “இப்போது எவ்வளவு வட்டி?” சொல்வேன். “பக்கத்துத் தெரு பைனான்சில் 14 தருகிறார்களே” என்று முணுமுணுத்தபடி சிலர் படியிறங்கிப் போவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர், பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் புகார் மனு எழுதித் தரும்படி பிறகு என்னிடமே வந்ததும் உண்டு.

ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். வருபவர்களிடம் நான் வட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்பது வேறு: இந்தப் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது என்பது என் கட்சி.

உறவு மூன்று வகைதான். ஒன்று, நீங்கள் கடன் கொடுத்தவர். வாங்கியவர் வட்டியோடு திருப்பித் தரவேண்டும். இரண்டு, நீங்கள் கூட்டாளி. தொழில் லாபமென்றால் உங்களுக்கும் லாபம், நஷ்டமென்றால் உங்களுக்கும் நஷ்டம். மூன்று, நீங்கள் ஒரு பொருளை வாங்கி வைத்திருக்கிறீர்கள். தங்கமோ நிலமோ, நாளை அதிக விலைக்கு ஒருவர் கேட்பார் என்ற நம்பிக்கையில். டெபாசிட், பத்திரம், சீட்டு, பங்கு, ஃபண்ட், மனை என்று நூறு பெயர்கள் இருந்தாலும் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுதான், அல்லது இவற்றின் கலவை.

கடனில் தொடங்குகிறேன். நான் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

அஞ்சலகத்தில் பணம் போடுகிறவர் மத்திய அரசுக்குக் கடன் கொடுக்கிறார். இதைவிட நம்பகமான கடன்காரர் நாட்டில் கிடையாது. ஆகவே உச்சவரம்புக் கவலையில்லாமல் முழுத்தொகைக்கும் அரசு பொறுப்பு. ஆனால் நம்பகம் வேறு, வட்டி நிலையாக இருப்பது வேறு. 1986இல் இந்திரா விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்து ஆண்டில் பணம் இரட்டிப்பாகும் என்றார்கள். அந்தப் பத்திரத்தில் வாங்கியவர் பெயரே இருக்காது. தொலைந்தால் ரூபாய் நோட்டு தொலைந்தது மாதிரிதான். 1988இல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தது. ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு. இதே கிசான் பத்திரம் இன்று இரட்டிப்பாக 115 மாதம், அதாவது ஒன்பதரை ஆண்டுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. பதினைந்து ஆண்டுச் சேமிப்பான பி.பி.எஃப். வட்டி 2000 ஜனவரி வரை 12 சதவீதம். 2020 ஏப்ரலிலிருந்து 7.1. “அப்பா காலத்தில் அஞ்சலகத்தில் போட்டே வீடு கட்டினார்” என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவேன். விலைவாசியும் அந்நாளில் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

இப்போது 60 வயது தாண்டியவர்களுக்கு இருக்கும் சிறந்த கடன் பத்திரம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்தான். 2023 ஏப்ரலில் போடக்கூடிய தொகையின் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள்; வட்டி 8.2 சதவீதம். கணக்குத் தொடங்கிய நாளில் இருக்கும் வட்டியே ஐந்து ஆண்டுக்கும் நிலைத்திருக்கும். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாத வருமானத் திட்டத்துக்கு 7.4, தனிப்பெயரில் 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 9 லட்சத்துக்கு மாதம் 5,550.

இதில் கவனிக்கப்படாத ஓர் ஓட்டை உண்டு. மாத வருமானத் திட்டத்தில் வட்டி விழுந்த பிறகு எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்டு, “சேர்ந்துகொண்டிருக்கும் சார், இருக்கட்டும்” என்று பெருமையாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேர்ந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வளராமல். வட்டியை நேராக ஓர் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) கணக்குக்குத் திருப்பிவிடும்படி எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கும் தனியாக வட்டி வரும். விவரமான மகளிர் முகவர்கள் இதை வாடிக்கையாளருக்குத் தாங்களே செய்து கொடுத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்புக் கட்டுகளோடு கவுண்டர் முன் அவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குச் சேமிப்பே இருந்திருக்காது.

வங்கி டெபாசிட் என்றால் வங்கிக்குக் கடன். இங்கே அரசின் நேரடிப் பொறுப்பு இல்லை. டெபாசிட் காப்பீடு இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளிலும் உள்ள அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் இது ஒரே ஒரு லட்சமாக இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம், நிதி நிறுவனம், பைனான்ஸ் கம்பெனி ஆகியவற்றுக்குக் கிடையாது. பலகையில் ‘நிதி’ என்று எழுதியிருப்பதையும் ‘வங்கி’ என்று எழுதியிருப்பதையும் மக்கள் ஒன்றாகவே பார்க்கிறார்கள். மயிலாப்பூரில் 1872இல் தொடங்கிய நிதி நிறுவனம் போல நூற்றாண்டு கடந்தவையும் நம் மாநிலத்தில் இருக்கின்றன என்பது உண்மைதான். அதனால் எல்லா நிதியும் அப்படி ஆகிவிடாது. சட்டப்படி அவை உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம். ஆகவே முதலில் சிறு தொகைக்குப் பங்கு கொடுத்து உங்களை உறுப்பினராக்குவார்கள். அந்தப் பங்கு ரசீதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

ஏலச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கம் அது இல்லாத தெரு கிடையாது. இருபது பேர், மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம் என்று வையுங்கள். ஒருவர் ஏலத்தில் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார். அவர் கைக்கு 70,000. சீட்டு நடத்துபவருக்கு 5,000 கமிஷன் போக மீதி 25,000 இருபது பேருக்கும் 1,250 வீதம் கழிவாகப் பிரியும். அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். இதில் முதலில் எடுப்பவர் கடன்காரர், கடைசி வரை காத்திருப்பவர் கடன் கொடுத்தவர். ஒரே சீட்டில் இரண்டு வேடம். அவசரத்துக்குப் பணம் வேண்டியவருக்கு அருமையான ஏற்பாடு. சேமிக்க மட்டும் நினைப்பவருக்கு அவ்வளவு இல்லை, ஏனென்றால் முன்னே எடுத்த பத்தொன்பது பேரும் ஒழுங்காகக் கட்டவேண்டும். சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத்துறையில் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. “அக்கா பத்து வருடமாக நடத்துகிறார்” என்பது பதிவு ஆகாது.

இனி, கடன் வாங்கியவர் யாரென்றே தெரியாத கடன். 2012 வாக்கில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தன. எங்கள் டெல்டாவிலிருந்தும் போய்ப் பணம் கட்டினார்கள். கோழிக்குஞ்சும் தீவனமும் கொட்டகையும் தருவார்கள், மாதாமாதம் சம்பளம் போல் ஒரு தொகையும் வரும். நான் கேட்டது ஒன்றுதான்: நம் ஊரில் ஈமு கறி வாங்கிச் சாப்பிட்டவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? யாரும் வாங்காத கோழியை வளர்க்க மாதச் சம்பளம் வருகிறதென்றால், அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணம். பொருளின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். தேக்கு, ஈமு, தங்க நகைச்சீட்டு, இப்போது கிரிப்டோ. “உறுதியான மாத வருமானம், வங்கியைவிட இரண்டு மடங்கு” என்று ஒருவர் சொன்னால், இவ்வளவு வட்டி கொடுத்துக் கடன் வாங்க வேண்டிய நிலை அவருக்கு ஏன் வந்தது என்று யோசியுங்கள். நல்ல சொத்து காட்டினால் வங்கியே அவருக்கு அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கொடுக்குமே.

சென்ற ஆண்டு வெயில் காலத்தில் ஓர் ஆசிரியர் வந்தார். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுபெற்றுப் பணிக்கொடையும் மற்ற தொகைகளும் சேர்ந்து கையில் 40 லட்சம் இருந்தது. மாதாமாதம் ஓய்வூதியம் தனி. மடித்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். “வங்கியில் 5 லட்சத்துக்கு டெபாசிட் போட்டுவிட்டேன் தம்பி. எஃப்.டி.யைவிடக் கூடுதலாக வருமாம். மேனேஜர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். காபி எல்லாம் கொடுத்தார்.”

காபி கொடுத்தார் என்றதும் எனக்கு உறுத்தியது. எஃப்.டி. போட வருகிறவருக்கு யார் காபி கொடுக்கிறார்கள்?

முதல் பக்கத்திலேயே பாலிசி எண் என்று இருந்தது. டெபாசிட் ரசீதில் கணக்கு எண், வட்டி விகிதம், முதிர்வுத் தேதி, முதிர்வுத் தொகை நான்கும் இருக்கும். இதில் வட்டி விகிதம் எங்குமே இல்லை. ஒரு பக்கம் தள்ளி, சிறிய எழுத்தில், பிரீமியம் செலுத்தும் காலம் 10 ஆண்டுகள். அதாவது சார் ஒரே தடவை கட்டியதாக நினைத்த 5 லட்சத்தை ஆண்டுதோறும் பத்துத் தடவை கட்டவேண்டும். அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஆயிரம் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பு கண்டுபிடித்தவர், தன் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைப் படிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் வங்கி ஊழியர் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தாள் விற்கப்படுகிறது.

நல்லவேளையாக உறை வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சிறு கழிவு போகப் பணம் திரும்ப வரும். கடிதம் எழுதி, வங்கியிடம் கொடுக்காமல் நேராகக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொன்னேன். வங்கியில் கொடுத்தால் “பார்க்கிறோம் சார்” என்று 30 நாளையும் ஓட்டிவிடுவார்கள் என்பது என் அனுமானம். பணம் வந்தது.

காப்பீட்டை முதலீடு என்று நினைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டு கட்டினால் 10 லட்சம். முடிவில் 20 லட்சம் தருகிறார்கள் என்று வையுங்கள். இரட்டிப்பு என்று விளம்பரம் செய்வார்கள். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அது 6 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அதே 50,000த்தை இன்றைய 7.1 சதவீதத்தில் பி.பி.எஃப்.பில் 15 ஆண்டு கட்டி, மேலும் ஐந்தாண்டு நீட்டித்தால் 22 லட்சத்துக்கு மேல் வரும். பாலிசியில் ஆயுள் பாதுகாப்பு இருக்கிறதே என்பீர்கள். இந்த மாதிரிப் பாலிசிகளில் அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகூடத் தாங்காது. ஆயுள் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதை மட்டும் தரும் டெர்ம் பாலிசி எடுங்கள். சாரைப் போல் சம்பாதிக்கும் வயதைத் தாண்டியவருக்கு அதுவும் தேவையில்லை.

அடுத்தது கூட்டாளி உறவு. பங்குச்சந்தை என்றாலே எங்கள் அலுவலகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது சூதாட்டம். இன்னொரு கட்சிக்கு அலாவுதீன் விளக்கு. நான் இரண்டிலும் சேரவில்லை. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கியவருக்கு அந்த நிறுவனம் எதையும் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் மற்றது புரியும். வாக்கு இல்லாததால் ஆபத்து. அதே காரணத்தால் வளர்ச்சிக்கும் வரம்பு இல்லை.

உடன் வேலை பார்த்த ஒருவர் மகள் திருமணத்துக்காக ஒதுக்கியிருந்ததை எல்லாம் பங்குசார்ந்த ஃபண்டுகளில் வைத்திருந்தார். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டபோது தேநீர்க் கடையில் அவர்தான் செலவு. கல்யாணம் அடுத்த தை என்று முடிவானது. அந்தத் தைக்குள் சந்தை பாதிக்கும் கீழே போய்விட்டது. மார்ச்சில் 8,160 வரை இறங்கியது. மண்டபத்துக்கும் சமையலுக்கும் நகைக்கும் பணம் வேண்டும், விற்றார். 2010 தீபாவளிக்குச் சென்செக்ஸ் மறுபடி 21,000ஐத் தொட்டது. அதற்குள் அவருக்குப் பேரனே பிறந்துவிட்டான். ஃபண்டும் மோசமில்லை, சந்தையும் மோசம் செய்யவில்லை. ஓராண்டில் வேண்டிய பணம் அங்கே இருந்ததுதான் சிக்கல். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தபோது, அந்தப் பணத்தைத் தொடத் தேவையில்லாதவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள். ஏழு, எட்டு ஆண்டுக்குள் எடுக்கவேண்டிய பணத்தை நான் அங்கே வைக்கச் சொல்வதில்லை. சிலர் ஐந்து என்பார்கள். நான் கொஞ்சம் பயந்த சுபாவம்.

மியூச்சுவல் ஃபண்டை ஒரு தனி முதலீட்டு வகையாக நினைப்பவர்கள் அதிகம். அது வெறும் பாத்திரம். உள்ளே பங்கு இருக்கலாம், கடன் பத்திரம் இருக்கலாம், தங்கமும் இருக்கலாம். “ஃபண்டில் போட்டிருக்கிறேன்” என்றால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. உள்ளே என்ன என்றுதான் கேட்பேன். 2020 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் தன் கடன் ஃபண்டுகளில் ஆறை ஒரே நாளில் மூடி, பணம் எடுப்பதை நிறுத்தியது. பங்கு வேண்டாம், கடன் ஃபண்டுதான் பாதுகாப்பு என்று போட்டவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த ஃபண்டுகள் கூடுதல் வட்டிக்காகத் தரமதிப்பீடு குறைந்த கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்திருந்தன. தொகை பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பியது என்றாலும் அவசரத்துக்கு எடுக்க முடியவில்லை. மறுபடியும் அதே கேள்விதான்: கடைசியில் கடன் வாங்கியவர் யார்?

பங்கு ஃபண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டுக்கும் ‘டைரக்ட்’ என்ற பிரிவு உண்டு; முகவர் கமிஷன் அதில் இல்லை. ஒரு சதவீதம்தானே வித்தியாசம் என்று தோன்றும். 10 லட்சம் ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டில் 80 லட்சம். 10 சதவீதம் வளர்ந்தால் 67 லட்சம். கமிஷன் வாங்குகிற முகவர் நல்ல வழிகாட்டியாக இருந்து, சந்தை விழும்போது உங்களை விற்கவிடாமல் தடுத்தால் அந்தத் தொகைக்குத் தகுதியானவர்தான். ஃபோனே எடுக்காதவருக்கு எதற்கு?

மூன்றாவது, பொருள். இதில் நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் நிபுணர்கள், ஒன்றைத் தவிர: நகையையும் தங்கத்தையும் ஒன்றாகக் கணக்குப் போடுவது. நகை வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி.; விற்கும்போது தங்கத்தின் விலை மட்டும். அணிய வேண்டும் என்றால் வாங்குங்கள், அதில் தப்பில்லை. அதை முதலீடு என்று என்னிடம் சொல்லாதீர்கள். முதலீடாக நினைத்தவர்களுக்கு அரசின் தங்கப் பத்திரம் இருந்தது. 2015 நவம்பரில் முதல் வெளியீட்டை கிராம் 2,684 ரூபாய்க்கு விற்றோம். அஞ்சலகத்திலும் விண்ணப்பம் வாங்கினோம். கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. எட்டு ஆண்டு முடிந்து 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் கொடுத்தார்கள், இடையில் ஆண்டு வட்டி தனி. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை. இப்போது வேண்டுமென்றால், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் தங்க ஈ.டி.எஃப்., அதாவது தங்கத்தின் விலையோடு ஏறி இறங்கும் ஃபண்டு, வாங்கலாம்.

தங்கம் எப்போதும் ஏறும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: பத்து கிராம் 2012இல் சராசரியாக 31,000 ரூபாய் அளவில் இருந்தது, 2018இலும் ஏறத்தாழ அதேதான். ஆறு ஆண்டு நகரவே இல்லை. 2025இல் கிராமே 10,000 ரூபாயைத் தாண்டிய பிறகு இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நிலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, சொன்னால் உறவினர்களுக்குள் சண்டை வரும். இரண்டு விஷயம் மட்டும். மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் முதல் நாளே போகிறது. அதை மீட்கவே விலை ஏறவேண்டும். இன்னொன்று, வேண்டும்போது விற்க முடியாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. வயலைக் கூறுபோட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு விற்ற மனைகளை வாங்கியவர்கள், அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வரும் வரை விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் தவித்தார்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்தோம் என்பார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாருடைய 40 லட்சத்துக்கு வருகிறேன். பாலிசிப் பணம் திரும்பியதும் அவரும் அவர் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். எந்தத் திட்டம் சிறந்தது என்று ஆரம்பித்தவரை நிறுத்திவிட்டு, எந்தப் பணம் எப்போது வேண்டும் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மகளுக்கு இரண்டு ஆண்டில் திருமணம், 12 லட்சம். திடீர்ச் செலவுக்கு 3 லட்சம். ஓய்வூதியத்துக்கு மேல் மருந்துக்கும் ஊர்ப்பயணத்துக்கும் கொஞ்சம் வந்தால் நல்லது. மீதி பத்து ஆண்டுக்குத் தேவையில்லை.

எழுதி முடித்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது. 20 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு; காலாண்டுக்கு 41,000 வரும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் வரிப் பிடித்தம் வேண்டாம் என்ற படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடித்தம் செய்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற அலையவிடுவார்கள். சாருக்கு ஓய்வூதியமும் உண்டு என்பதால் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்றேன். திருமணப் பணத்தை மூன்று வங்கியில் பிரித்து, ஒன்றிலும் 5 லட்சம் தாண்டாமல், தேதி பார்த்து டெபாசிட். 3 லட்சம் சேமிப்புக் கணக்கோடு இணைந்த டெபாசிட்டில், எந்த நேரமும் உடைக்கும்படி. கடைசி 5 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு; ஒரே நாளில் போடாமல் மாதத் தவணையாக. ஓய்வூதியம் என்ற ஒன்று இருப்பதால்தான் இந்த 5 லட்சத்துக்கு நான் சம்மதித்தேன். ஓய்வூதியம் இல்லாதவருக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

“அண்ணா, திருமணத்துக்குப் பாதிப் பணம் நகைக்குத்தானே போகப்போகிறது, தங்கம் ஏறிக்கொண்டே போகிறதே” என்றார் அவர் மனைவி. சரியான கேள்வி. தேவையே தங்கமாக இருக்கும்போது, அதற்குரிய பணத்தை ரூபாயாக வைத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம். ஆகவே 12 லட்சத்தில் நகைக்கு ஒதுக்கியதை மட்டும் சிறிது சிறிதாகத் தங்க ஈ.டி.எஃப்.பில் சேர்க்கலாம் என்று திருத்திக்கொண்டோம். விலை இறங்கினாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. நகையும் அப்போது மலிவாகவே கிடைக்கும்.

ஒவ்வொரு கணக்குக்கும் நாமினி யார், பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம், அதாவது தன் மனைவியிடம், கொடுக்கும்படி சாரிடம் சொன்னேன். பத்து ஆண்டு யாரும் கேட்காத வங்கி டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தேடவே 2023இல் உத்கம் என்ற இணையதளம் திறந்தார்கள். தேடும் நிலைக்கு ஏன் போகவேண்டும்?

சார் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகக் கேட்டார்: “எனக்குத் தனியாக, என் பெயரில் ஏதாவது போட முடியுமா?” சாருக்குக் காது நன்றாகவே கேட்கும், கேட்காதது போல் இருந்தார். அஞ்சலகத்தில் ஆர்.டி. தொடங்குங்கள் என்றேன். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து ஆண்டு, 6.7 சதவீதம். மாதம் 15ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்டவேண்டும். 16ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை கட்டலாம். “சாருக்கு ஓய்வூதியம் எப்போது வரும்?” என்று கேட்டேன். மாதக் கடைசியில் என்றார். அப்படியானால் 16க்குப் பிறகு போய்த் தொடங்குங்கள் என்றேன்.